ஒரே ஜெர்சியில் ஆம்பூர்

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குள் சாதி எப்படி நுழைகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து தமிழ்நாட்டில் ஓயவே இல்லை. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி தொடங்கி பள்ளிப் பெயர்ப் பலகையில் இருக்கும் சாதி வரை எதையெல்லாம் நீக்க வேண்டும் என்று அது விரிவாகச் சொன்னது. நீக்குவதோடு வேலை முடிந்துவிடுமா? கயிற்றை அவிழ்த்த மாணவர்கள் அடுத்து என்ன செய்வது, யாரோடு சேர்ந்து செய்வது? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பட்டையில் இந்தக் கேள்விக்கு ஒரு சின்ன விடையைச் சோதித்துப் பார்க்கலாம். அதற்குத் தேவை ஒரு கூடைப்பந்து, பாதி ஆடுகளம், சில நல்ல உடற்கல்வி ஆசிரியர்கள்.

இதெல்லாம் தென் மாவட்டச் சிக்கல்தானே என்று வடக்கில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில், சுடுகாட்டுக்குப் போகும் வழி மறிக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சி கைப்பேசிகளில் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 ஜூன் 27 இரவு, ஆம்பூர் எரிந்தது. காவல் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் பின்னர் இறந்துபோனதில் கிளம்பிய கோபம் அது. காவல் துறைமீது எழுந்த கோபம்தான் என்றாலும், அடுத்த சில வாரங்களில் ஊர் மதவாரியாகப் பிரிந்து நின்று பேசியதை ஆம்பூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சேர்ந்து உழைக்கும் ஊர், பிரிந்து படிக்கும் ஊர்

இந்தப் பட்டையின் விசித்திரம் இதுதான்: வேலையில் இங்கே எல்லோரும் கலந்துதான் இருக்கிறார்கள். ஷூ கம்பெனிகளின் தையல் வரிசையில் பெரும்பாலும் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்துகளில் ஒன்றாக வருகிறார்கள். தோல் பதனிடும் ஆலைகளின் உரிமையாளர்களில் பலர் உருது பேசும் முஸ்லிம்கள். ஈரத்திலும் சுண்ணாம்பிலும் நின்று வேலை செய்தவர்களில் பெரும் பங்கினர் தலித்துகள். தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் ஒரே தேநீர்க் கடையில் காதில் விழும்.

பள்ளிக்கூடம் என்று வரும்போது கதை மாறுகிறது. ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் மேல்நிலைப் பள்ளி உண்டு, இந்து மேல்நிலைப் பள்ளி உண்டு, லூத்தரன் திருச்சபை நடத்தும் கன்கார்டியா மேல்நிலைப் பள்ளியும் உண்டு. இவை யாரையும் வாசலில் நிறுத்தி மதம் கேட்பதில்லை. மூன்றிலும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கட்டியவர்களின் நோக்கமும் உயர்ந்தது. தோல் வணிகத்தில் சம்பாதித்த பணத்தைக் கல்விக்குத் திருப்பிய ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கங்களின் பங்களிப்பு தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் தனி அத்தியாயத்துக்கு உரியது. ஆனாலும் நடைமுறையில் ஒரு குடும்பம் தன் தெருவுக்கும் மொழிக்கும் பழக்கத்துக்கும் நெருக்கமான பள்ளியைத்தான் தேடும். உருது வழிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பணம் கட்டிப் படிக்கும் மெட்ரிக் பள்ளி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், பத்து நிமிட நடைத் தொலைவில் வாழும் இரண்டு சிறுவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை ஒருவர் பெயரை மற்றவர் தெரிந்துகொள்ளாமலே வளர்ந்துவிடலாம்.

அவர்கள் முதன்முதலாக நேருக்கு நேர் பார்ப்பது பெரும்பாலும் குறுவட்ட விளையாட்டுப் போட்டியில். அதுவும் எதிரணியாக!

விளையாட்டு தானாக ஒட்டவைக்காது

விளையாட்டு மனிதர்களை இணைக்கும் என்று எல்லாப் பரிசளிப்பு விழாவிலும் யாராவது ஒருவர் பேசுகிறார். பாதி உண்மை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 தலித் மாணவரை வழிமறித்து வெட்டினார்கள்; கைவிரல்கள் துண்டாகின. கபடிப் போட்டியில் தங்கள் பையனின் அணி வென்றதே பகைக்குக் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். கபடிப் போட்டிகளுக்கு அனுமதி கேட்டு வரும் வழக்குகளில், ஜெர்சியில் சாதித் தலைவர் படமோ சாதிப் பெயரோ இருக்கக் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போட வேண்டியிருக்கிறது. ஆட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. அணி எப்படி அமைந்தது என்பதில்தான் விஷம் இருக்கிறது. ஒரு தெரு ஓர் அணி, இன்னொரு தெரு இன்னோர் அணி என்று பிரித்துவிட்டால் புள்ளிப் பலகையே பழைய பகையின் கணக்குப் புத்தகமாகிவிடும்.

இந்தியாவில் இதற்கு நீண்ட முன்கதை உண்டு. பிரிட்டிஷ் கால பம்பாயில் மிகப் புகழ்பெற்றிருந்த கிரிக்கெட் தொடரில் ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று மதத்துக்கு ஓர் அணி. 1937-ல் ‘மற்றவர்கள்’ என்று ஐந்தாவது அணியும் சேர்ந்தது. 1940-ல் காந்தி இதை வெளிப்படையாகக் கண்டித்தார். 1946-க்குள் தொடரே முடிவுக்கு வந்தது. அதே தொடரின் ‘இந்து’ அணிக்குள் நடந்த இன்னொரு கதை கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. தலித் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு அந்தக் காலத்தின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர். ஆடுகளத்தில் அவர் பந்தைத் தொட்டவர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளை வைத்தார்கள். தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டல் 1923-ல் அந்த அணிக்குத் தலைவரானார். ஒரே அணியில் சேர்ப்பது முதல் படிதான்; அந்த அணிக்குள் யார் தலைவர், யார் எந்தக் குவளையில் குடிக்கிறார் என்பதும் பயிற்சியாளரின் பொறுப்பு என்று இந்தக் கதை சொல்கிறது.

இதை அனுபவமாக மட்டும் விடாமல் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பொருளியல் ஆய்வாளர் மேத்யூ லோ உத்தரப் பிரதேசக் கிராமங்களில் வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2021-ல் வெளியிட்டார். ஒரு மாதம் நடக்கும் கிரிக்கெட் லீக். சிலருக்கு ஒரே சாதி அணி, சிலருக்குக் கலப்பு அணி, யாருக்கு எது என்பது குலுக்கலில். முடிவு தெளிவானது. கலப்பு அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். தன் சாதிக்காரருக்குச் சலுகை காட்டும் பழக்கம் குறைந்தது. வேற்றுச் சாதியினருடன் பொருள் மாற்றிக்கொள்வதுகூட எளிதானது. மாறாக, வேறு சாதியினரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் நெருக்கம் பொதுவாகக் குறையவே செய்தது.

நம் பள்ளி விளையாட்டு அமைப்பு முழுவதும் இந்த எதிரணி வகையில்தான் நிற்கிறது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் ஒவ்வொரு படியும் பள்ளிக்கு எதிராகப் பள்ளி. பிள்ளைகள் கலந்து படிக்கும் ஊரில் அதனால் பெரிய தீங்கு இல்லை. பள்ளிப் பெயரே சமூகத்தின் பெயராகக் காதில் விழும் ஊரில், ‘நல்லிணக்கக் கோப்பை’ என்று பெயர் வைத்து இந்துப் பள்ளியையும் முஸ்லிம் பள்ளியையும் மோதவிடுவது, நல்ல எண்ணத்தோடு செய்யும் கெட்ட வேலை.

ஏன் கூடைப்பந்து?

யாருக்கும் சொந்தமில்லாத ஆட்டம் என்பது முதல் காரணம். கிராமக் கபடிக்கு ஊர்ப் பெருமை இருக்கிறது. டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் தெருவுக்குத் தெரு அணி ஏற்கெனவே அமைந்துவிட்டது. கூடைப்பந்தை எந்தத் தெருவும் இன்னும் தன்னுடையது என்று சொல்லவில்லை. எல்லோரும் ஒரே இடத்திலிருந்து, அதாவது ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து, தொடங்குவார்கள்.

வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்ததும் இதுதான். அங்கே கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். எந்தப் பந்தை எடுத்தாலும் சாயம் உண்டு: கேலிக் கால்பந்து என்றால் கத்தோலிக்கர், ரக்பி என்றால் புராட்டஸ்டன்ட். 2001-ல் தொடங்கப்பட்ட ‘பீஸ்பிளேயர்ஸ்’ என்ற அமைப்பு கூடைப்பந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அது இரு தரப்புக்கும் அந்நியமாக இருந்ததுதான். இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியை இணையாக்கி, பிள்ளைகளைக் கலந்து, ஆட்டத்தையும் உரையாடலையும் சேர்த்து நடத்துகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும், சைப்ரஸிலும், இஸ்ரேலிய – பாலஸ்தீனச் சிறுவர்களிடையிலும் அதே அமைப்பு வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது காரணம் இடம். முழு ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். மூன்று பேர் ஆடும் வகைக்கு 15-க்கு 11 மீட்டர் போதும், ஒரே வளையம். டோக்கியோவில் அது ஒலிம்பிக் ஆட்டமாகவே ஆகிவிட்டது. மைதானமே இல்லாத நகரப் பள்ளிகளின் முற்றத்தில்கூட இதற்கு இடம் கிடைக்கும். கிரிக்கெட் மட்டை எடுத்துவரும் பணக்காரப் பையனைச் சுற்றி ஆட்டம் சுழல்வதுபோல் இங்கே நடக்காது. ஒரு பந்து, அது பள்ளியுடையது.

மூன்றாவது, ஆட்டத்தின் இயல்பு. ஐந்து பேர் மட்டுமே ஆடும்போது ஒருவரை ஒதுக்கிவைத்து வெல்வது கடினம். மூன்று பேர் ஆட்டத்தில் அது முடியவே முடியாது. கிரிக்கெட்டில் ஒரு பையனை ஃபைன் லெக்கில் நிறுத்திவிட்டு மாலை வரை அவனிடம் பேசாமல் இருக்கலாம். இங்கே ‘பாஸ்’ கொடுக்காவிட்டால் பயிற்சியாளருக்கு மட்டுமல்ல, சுவரோரம் நிற்கும் அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய ஆட்டமும் இல்லை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இதை உருவாக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் போனார்கள். பெரியகுளம், கரூர் போன்ற ஊர்களில் அகில இந்தியப் போட்டிகள் நடக்கும்போது ஊரே திரண்டு வந்து இரவு வரை உட்கார்ந்து பார்க்கிறது. இந்திய மகளிர் அணியின் தலைவராக இருந்த சென்னையின் அனிதா பால்துரை 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். வேலூர்ப் பக்கம் அந்த ரசிகர் கூட்டம் இன்னும் உருவாகவில்லை. நம் நோக்கத்துக்கு அதுவும் ஒரு வசதிதான்.

எல்லாம் பி.டி. சார் கையில்

வேலூர் சத்துவாச்சாரியில் பளுதூக்குதல் எப்படி வேரூன்றியது என்று பார்த்தால் ஒன்று புரியும். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் அங்கிருந்து வந்தவர். அவர் தந்தையும் பளுதூக்கும் வீரர். பெரிய அரங்கம் கட்டி வந்த வெற்றி அல்ல அது. சொல்லித்தர ஆள் இருந்தது, பார்த்து வளரப் பிள்ளைகள் இருந்தார்கள்.

கூடைப்பந்துக்கும் அந்த ஆள்தான் முதல் தேவை. ஆனால், பள்ளிகளில் அந்த ஆளின் நிலை என்ன? 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2024-ல் அது 12,500 ரூபாய் ஆனது. அதன் பிறகும் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். முழுநேர உடற்கல்வி ஆசிரியருக்கோ காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசை பார்ப்பது, தாமதமாக வருபவரைப் பிடிப்பது, சுதந்திர தின அணிவகுப்பு என்று ஆயிரம் வேலை. விளையாட்டு வகுப்பை முழுப் பரீட்சை நெருங்கும்போது கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். இந்த நிலையில் அவரிடம் போய் ‘சமூக நல்லிணக்கமும் உங்கள் பொறுப்பு’ என்று சுற்றறிக்கை அனுப்பினால் அது கோப்பில் தூங்கும்.

கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும். பயிற்சியும் தர வேண்டும். லே-அப், ரீபவுண்ட் போன்ற ஆட்ட நுட்பங்கள் எல்லாம் பலருக்குத் தெரியும். தெரியாதது வேறு. இருபது பேர் ஓடிவந்து வரிசையில் நிற்கும்போது எந்தெந்தப் பையன்கள் சேர்ந்தே நிற்கிறார்கள் என்று பார்க்கும் கண் வேண்டும். ஆட்டச் சூட்டில் சாதியையோ மதத்தையோ தொட்டு ஒரு வசவு விழுந்தால், விசிலை ஊதி அங்கேயே நிறுத்தி, கத்தாமல் கையாளத் தெரிய வேண்டும். மறுநாள் அந்த இருவரையும் ஒரே ஜோடியாகப் பயிற்சிக்கு விடும் துணிச்சல் வேண்டும். மூன்று பேரும் ஒருமுறை தொட்ட பிறகுதான் வளையத்துக்கு எறியலாம் என்று ஒரு விதி வைத்தால், அறிவுரை இல்லாமலே பந்து கைமாறும்.

சந்துரு குழு சொன்ன கயிற்று விவகாரத்துக்கும் இங்கே எளிய வழி இருக்கிறது. கூடைப்பந்து விதிகளின்படி ஆடுபவர் நகை, காப்பு, மோதிரம் போன்று அடுத்தவரைக் காயப்படுத்தக்கூடிய எதையும் அணியக் கூடாது. எந்தக் கயிறாக இருந்தாலும் ஆடுகளத்தின் ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று இதே காரணத்தைக் காட்டிச் சொல்லலாம். யாரையும் தனியே கூப்பிட்டு அவமானப்படுத்த வேண்டியதில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று.

பெண் பிள்ளைகளை மறந்தால் பாதி ஊரை மறந்ததாகும்

ஷூ கம்பெனிகளின் முதுகெலும்பு பெண்கள் என்ற ஊரில், விளையாட்டு என்றதும் எல்லோருக்கும் பையன்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் மைதானத்திலிருந்து மெல்ல மறைகிறார்கள். எல்லாச் சமூகத்திலும் இது உண்டு. காரணம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். அம்மா கம்பெனியிலிருந்து திரும்பும் வரை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், ஆட்ட உடை சரிப்படாது.

உடை விஷயத்தில் கூடைப்பந்து உலகம் ஒரு சண்டையைக் கடந்து வந்துவிட்டது. 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் ஹிஜாபைக் கழற்றச் சொன்னதால் கத்தார் மகளிர் அணி ஆடாமலே வெளியேறியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2017-ல், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு விதியைத் திருத்தித் தலையை மூடும் துணிக்கு அனுமதி தந்தது. அண்டை மாநிலமான கர்நாடகம் 2022-ல் வகுப்பறைக்குள் இதே துணிக்காக மாதக்கணக்கில் கொந்தளித்ததைப் பார்த்தவர்கள், ஆம்பூரில் ஆட்டம் தொடங்கும் முன்பே இந்தப் பேச்சை முடித்துவைப்பது நல்லது. முழுக்கை, நீளக் கால்சட்டை, தலைத்துணி எல்லாம் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும். அணியின் நிறம் மட்டும் பொது. பெண் பயிற்சியாளர், சுற்றுச்சுவருள்ள ஆடுகளம், பள்ளி நேரத்துக்குள் பயிற்சி என்ற மூன்றும் இருந்தால் பெரும்பாலான பெற்றோர் சம்மதிப்பார்கள். அந்தச் சம்மதத்தை வீட்டுக்குப் போய்க் கேட்பதும் பயிற்சியாளர் வேலையே.

எதிர்பார்ப்பில் அளவு வேண்டும்

இராக்கில் ஐ.எஸ். பயங்கரவாதிகளால் விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து, சல்மா மூசா என்ற ஆய்வாளர் கவனித்தார். 2020-ல் வெளியான அந்த ஆய்வு இரண்டு செய்திகள் சொன்னது. கலப்பு அணியில் ஆடிய கிறிஸ்தவ இளைஞர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணிக்கே பெயர் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள். ஆனால், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசுல் நகரத்து உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடும் அளவுக்கு அந்த நம்பிக்கை நீளவில்லை. கூட ஆடியவனை நம்பினார்கள். அவன் ஊரை இன்னும் நம்பவில்லை.

ஆகவே, கூடைப்பந்து வந்தால் நாராயணபுரத்துச் சுடுகாட்டுப் பாதை திறந்துவிடும் என்று யாரும் வாக்களிக்கக் கூடாது. அது வருவாய்த் துறையும் காவல் துறையும் செய்ய வேண்டிய வேலை. ஆட்டம் தரக்கூடியது இன்னும் எளியது: ஊரில் ஒரு வதந்தி கிளம்பும் இரவில், அடுத்த தெருவில் இருக்கும் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ‘என்னடா நடந்துச்சு?’ என்று கேட்க ஒரு கைப்பேசி எண். 2015-ல் பல வீடுகளில் அப்படிக் கேட்க ஆள் இல்லை.

விழா வைத்து ஒற்றுமை வளர்க்கும் ஆசைக்கும் ஆம்பூர் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும், ஊரின் பெரும்பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒதுக்கிவிட்டு எந்த ஊருக்குத் திருவிழா என்ற கேள்வி எழுந்தது. தாழ்த்தப்பட்டோர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனது. மேடை, பேனர், முக்கியப் பிரமுகர் என்று தொடங்கினால் கூடைப்பந்துக்கும் இதே கதி நேரலாம். பயிற்சி முடிந்து தருவதற்குச் சுண்டலும் வாழைப்பழமும் போதும். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து.

எங்கே தொடங்கலாம்?

ஆம்பூரில் ஐந்து பள்ளிகள் போதும். பெயரில் சமூகம் தெரியும் மூன்று, ஓர் அரசுப் பள்ளி, ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. வயது மிக முக்கியம்: ஏழாம், எட்டாம் வகுப்பு. பதினொன்றாம் வகுப்பில் தொடங்கினால் தாமதம். அதற்குள் கையில் கயிறு ஏறியிருக்கும். பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி லீக் நடக்கட்டும். அணிகளைப் பள்ளிவாரியாகப் பிரிக்காமல் குலுக்கல் முறையில் அமைக்க வேண்டும். ஒரு பள்ளியிலிருந்து ஓர் அணிக்கு மூன்று பேருக்கு மேல் விழக் கூடாது. அணிகளுக்குப் பாலாறு, ஏலகிரி, ஜவ்வாது என்று பெயர் வைக்கலாம். ‘நல்லிணக்கம்’ என்ற சொல் எந்தச் சட்டையிலும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளிடம் போய்ச் சாதி, மதம் என்று நினைவூட்டலாமா என்று கேட்கும் பெற்றோருக்கும் இதுதான் பதில்: நினைவூட்டப் போவதில்லை, பந்துதான் கொடுக்கப் போகிறோம்.

பயிற்சி ஒவ்வொரு வாரமும் ஒரு பள்ளியில் நடக்கட்டும். வாசல் வழியாக ஒருமுறைகூட உள்ளே போகாத பள்ளிக்குள் ஒரு பிள்ளை உரிமையோடு நுழைந்து தண்ணீர் குடிப்பது, எந்தப் பேச்சுப் போட்டியையும்விடப் பெரிய பாடம். ஓர் அணிக்கு இரண்டு பயிற்சியாளர்கள். இருவரும் வெவ்வேறு பள்ளிக்காரர்கள். தலைவர் பொறுப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாற வேண்டும். எல்லோரும் குறைந்தது பாதி நேரமாவது களத்தில் இருக்க வேண்டும். ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சியை விட்டுவிட்டு எறியும் பயிற்சி மட்டும் கொடுக்கலாம்.

ஒருநாள் போட்டியால் எதுவும் நடக்காது. ஜூனில் தொடங்கி பிப்ரவரி வரை ஒரு பருவம் முழுக்க ஒரே அணி ஒன்றாக இருந்தால்தான் தோல்வியும் கோபமும் சமாதானமும் வந்துபோகும். இறுதி ஆட்டங்களை திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, வேலூர் ஊரீசு கல்லூரி போன்ற இடங்களில் வைத்தால் பிள்ளைகளுக்கு அது சுற்றுலாவும் ஆகும். பேருந்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பதைப் பயிற்சியாளர்கள் போகும்போதும் வரும்போதும் கவனிக்கட்டும். அதைவிட நல்ல மதிப்பீட்டுத் தாள் கிடைக்காது.

பணத்துக்கு வழி தெரியாமல் இல்லை. நிறுவனச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஐரோப்பியக் கடைகளுக்கு ஷூ அனுப்பும் ஊரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வெறுங்காலில் ஆடுவது அந்த நிறுவனங்களுக்கே அழகில்லை. காலணி, வளையம், சிமென்ட் தளம், பயிற்சியாளர் ஊதியம் ஆகிய நான்கையும் அவர்கள் ஏற்கலாம். ஆனால், எந்த நிறுவனமும் தன் பெயரில் ஓர் அணி வைத்துக்கொள்ளக் கூடாது. அணித் தேர்வில் தலையிடவும் கூடாது. பணம் மாவட்ட விளையாட்டு அலுவலகம் வழியாகப் போய், கணக்கு பள்ளிகளின் தகவல் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

மாநில அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி அணிகளோடு, வெவ்வேறு நிர்வாகப் பள்ளிகளின் மாணவர்கள் சேர்ந்த ‘ஊர்க் கலப்பு அணி’ என்று ஒரு பிரிவைச் சோதனையாகச் சேர்க்கலாம். சான்றிதழும் விளையாட்டு இட ஒதுக்கீட்டுப் பயனும் அதற்கும் உண்டு என்றால், பெற்றோர் தயங்க மாட்டார்கள். பள்ளி நிர்வாகங்களும் தங்கள் சிறந்த ஆட்டக்காரரை அனுப்ப யோசிக்காது.

முதல் அடி செலவில்லாதது. கோடை விடுமுறை முடிவதற்குள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஐந்து பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களையும் ஒரே அறைக்கு அழைத்து, எந்தப் பள்ளியில் எத்தனை மணிக்கு ஆடுகளம் காலியாக இருக்கிறது என்ற பட்டியலைப் போட வேண்டும். தலைமை ஆசிரியர்களை அடுத்த கூட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம்.